இழுத்துவிடலாம், நிறுத்துவது எப்படி? பழைய கேம்பிங் டிரெய்லர்களின் அச்சுக் கதை

1947-ல் எடுக்கப்பட்ட ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். ஆல்ஃபிரட் லெட்டூர்னர் என்ற பிரெஞ்சு சைக்கிள் வீரர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வருகிறார். அவருக்குப் பின்னால், சைக்கிளோடு பூட்டப்பட்டு, அலுமினியத்தில் பளபளக்கும் ஒரு முழு வீடே வருகிறது! ஏர்ஸ்ட்ரீம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் டிரெய்லர் அது. லெட்டூர்னர் சாதாரண ஆள் இல்லை. 1941-ல் கலிஃபோர்னியாவில், முன்னால் ஓடிய ஒரு காரின் காற்று மறைப்பில் ஒதுங்கிக்கொண்டு, மணிக்கு 108.92 மைல் (சுமார் 175 கி.மீ.) வேகத்தில் சைக்கிள் ஓட்டி சாதனை செய்தவர். ஆனால் விளம்பரம் சொல்ல வந்தது அவருடைய கால் பலத்தை அல்ல. எங்கள் டிரெய்லர் அவ்வளவு லேசாக உருளும் என்பதைத்தான். படம் பெரிய ஹிட். நிறுவனத்தின் சின்னமாகவே ஆகிவிட்டது.

படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் "அட, எப்படி இழுக்கிறார்!" என்று வியந்திருப்பார்கள். சாலை கொஞ்சம் இறக்கமாக இருந்தால் அதை எப்படி நிறுத்துவார் என்று எத்தனை பேர் யோசித்திருப்பார்களோ தெரியாது. சைக்கிளின் பிரேக்கை நம்பி அந்த வண்டியை இறக்கத்தில் விட்டால், இரண்டாவது புகைப்படத்துக்கு லெட்டூர்னர் இருந்திருக்க மாட்டார் :-)

டிரெய்லர் என்றால் நம்மூரில் சினிமா முன்னோட்டம். கேரவன் என்றால் ஷூட்டிங்கில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் ஏசி வண்டி. இங்கே பேசப்போவது இரண்டும் இல்லை. படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் உள்ளே வைத்த, இன்ஜின் இல்லாத, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றும் வீடு. அமெரிக்காவில் நூறு வருடமாக இதற்கு ஒரு பெரிய கூட்டம் உண்டு. 1940, 50, 60-களில் செய்த பழைய டிரெய்லர்களைத் தேடி வாங்கி, பாலிஷ் போட்டு, மறுபடி சாலையில் ஓட்டுவது அங்கே ஒரு தனி உலகம். இன்ஜினே இல்லாத வண்டிக்குக் கீழே என்ன இருக்கும்? அச்சு, சக்கரம், பிரேக். பார்க்க வருபவர் யாரும் குனிந்து பார்க்காத இந்த மூன்றும்தான் உள்ளே தூங்கும் குடும்பத்தின் உயிரை வைத்திருக்கின்றன. எதிரே வரும் குடும்பத்தின் உயிரையும் சேர்த்து.

1919-ல் ஃபுளோரிடா மாநிலம் டாம்பாவில் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்ற சங்கம் ஆரம்பித்தது. ஃபோர்டு மாடல் டி காரில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பி, டப்பா உணவைச் சூடாக்கிச் சாப்பிட்டுக்கொண்டு ஊர் சுற்றியவர்கள் இவர்கள். கூடாரம் கொஞ்ச நாளில் சலித்துப் போக, பலர் தாங்களே டிரெய்லர் கட்ட ஆரம்பித்தார்கள். மேலே பலகை வீடு. கீழே? உடைசலுக்குப் போன ஒரு காரிலிருந்து கழற்றிய அச்சும் இரண்டு சக்கரமும். பிரேக் என்ற பேச்சே கிடையாது. காரின் பிரேக்கே இரண்டு வண்டிக்கும். அந்தக் காலத்து சாலைக்கும் வேகத்துக்கும் அது ஏதோ ஒப்பேறியது.

டிரெய்லர் தொழிலுக்கு வந்தவர்களில் பலர் வாகனத் தொழிலே தெரியாதவர்கள் என்பது வேடிக்கை. ஆர்தர் ஷெர்மன் பாக்டீரியா ஆராய்ச்சியாளர். ஐந்து நிமிடத்தில் விரிக்கலாம் என்று விற்ற கூடார டிரெய்லரை வாங்கி, மழையில் விரிக்க முடியாமல் நனைந்த கோபத்தில் தானே ஒன்றைக் கட்டினார். அது 'கவர்ட் வேகன்' என்ற பெயரில் 1930-களின் மிகப்பெரிய டிரெய்லர் கம்பெனியானது. விமானம் கட்டிய க்ளென் கர்டிஸ் 1928-ல் ஏரோகார் என்ற டிரெய்லரைக் கொண்டுவந்தார். காரும் டிரெய்லரும் சேரும் இடத்தில் ஒரு விமான டயரைப் படுக்கவைத்து, அதிர்ச்சி தாங்கும் மெத்தையாக்கியது அவர் யோசனை. லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானத்தின் கட்டுமானத்தை மேற்பார்வை செய்த ஹாலி போலஸ், 1934-ல் விமானம் போலவே தகட்டை ரிவெட் அடித்து 'ரோடு சீஃப்' என்ற டிரெய்லரைச் செய்தார்.

வாலி பயாம் இவர்களுக்கு நடுவே வந்தவர். பத்திரிகை நடத்தியவர். டிரெய்லர் கட்டும் வரைபடத்தை 5 டாலருக்கு விற்றவர். போலஸின் டிரெய்லரை விற்றுக் கொடுத்தவர். போலஸ் கம்பெனி படுத்ததும், 1936-ல் கிட்டத்தட்ட அதே வடிவத்தில், கதவை மட்டும் முன்பக்கத்திலிருந்து பக்கவாட்டுக்கு மாற்றி, 'ஏர்ஸ்ட்ரீம் க்ளிப்பர்' என்று 1,200 டாலருக்கு விற்றார். அப்போது அமெரிக்காவில் நானூறுக்கு மேல் டிரெய்லர் கம்பெனிகள் இருந்ததாகச் சொல்வார்கள். இன்னும் இருபது வருடத்தில் அமெரிக்கர்களில் பாதிப் பேர் டிரெய்லரில்தான் வசிப்பார்கள் என்று ரோஜர் பாப்சன் என்ற பொருளாதார ஜோசியர் அடித்துச் சொன்ன காலம் அது. (1929 பங்குச்சந்தை வீழ்ச்சியை முன்கூட்டியே எச்சரித்துப் பெயர் வாங்கியவர். எல்லா நேரமும் பலிக்குமா என்ன!)

நானூறு கம்பெனி எப்படி முளைத்தது? மூலதனம் அதிகம் தேவையில்லை. ஒரு ஷெட், கொஞ்சம் ஒட்டுப்பலகை, நாலு தச்சர்கள் போதும். அச்சும் சக்கரமும் பிரேக்கும் பெரும்பாலும் வெளியிலிருந்து வாங்கிப் பொருத்துவதுதான். பெயர் வாங்கிய டிரெய்லர் பிராண்டுகள்கூட தங்கள் பெயரை மேலே உள்ள கூட்டுக்குத்தான் கொடுத்தன. கீழே இருப்பது ஆரம்பத்திலிருந்தே வாங்கின சரக்கு. "ஒரிஜினல்" என்ற வாதம் வரும்போது இது உதவும்.

இனி பிரேக். விஸ்கான்சின் மாநிலம் பெலாய்ட் ஊரைச் சேர்ந்த ஆர்தர் வார்னர் இந்தக் கதையின் உண்மையான ஹீரோ. காரின் வேகம் காட்டும் ஸ்பீடோமீட்டரை உருவாக்கிப் பணக்காரரானவர். 1909-ல் அந்த மாநிலத்தில் முதன்முதலாக விமானம் ஓட்டியவரும் அவரே. வேகத்தை அளந்த மனிதர் அடுத்து வேகத்தைக் குறைப்பதில் இறங்கி, 1927-ல் மின்சார பிரேக் செய்ய ஒரு கம்பெனி தொடங்கினார்.

அவருடைய யோசனையின் அழகு அதன் எளிமை. காரின் பிரேக் எண்ணெயை டிரெய்லருக்குக் குழாய் போட்டுக் கொண்டுபோனால், ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் எண்ணெய் ஒழுகும், காற்று புகும். ஒரு ஒயர் என்றால் அந்தத் தொல்லை இல்லை. டிரெய்லர் சக்கரத்தின் டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் இருக்கும். ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும் காரின் பேட்டரியிலிருந்து அதற்குக் கரன்ட் போகும். காந்தம், சுற்றிக்கொண்டிருக்கும் டிரம்மின் முகத்தில் போய் ஒட்டப்பார்க்கும். டிரம் அதைத் தன்னோடு கொஞ்சம் இழுத்துப் போகும். அந்த இழுப்பு ஒரு கையை அசைக்க, அது பிரேக் ஷூக்களை விரித்து டிரம்மில் அழுத்தும். அதாவது சக்கரத்தின் சுழற்சியையே எடுத்து அந்தச் சக்கரத்தை நிறுத்துவது. கரன்ட் அதிகமானால் பிடி அதிகம், குறைந்தால் பிடி குறைவு. இன்றும் அமெரிக்க டிரெய்லர்களில் பெரும்பாலானவை இதே தத்துவத்தில்தான் நிற்கின்றன.

இதில் ஒரு குறையும் உண்டு. சக்கரம் சுற்றினால்தான் காந்தத்துக்கு வேலை. நின்றுவிட்ட வண்டியை இது பிடித்து வைக்காது. அதற்கு நம் தேருக்குப் போடுவது போல முட்டுக்கட்டைதான். கலிஃபோர்னியாவில் 1,500 பவுண்டு (680 கிலோ) எடையைத் தொட்டாலே கேம்பிங் டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். பல மாநிலங்களில் எல்லை 3,000 பவுண்டு. இணைப்பு அறுந்து டிரெய்லர் தனியே ஓடினால்? அதற்காக ஒரு சின்ன சுவிட்ச். காரோடு கட்டிய கம்பி இழுபட்டு ஊசி கழன்றதும், டிரெய்லரில் இருக்கும் பேட்டரியே பிரேக்கைப் போட்டுவிடும்.

1942-ல் போர் வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. டயருக்கு ரேஷன், அலுமினியம் விமானத்துக்கு, சாலையில் வேகம் மணிக்கு 35 மைல். பயாம் கடையை மூடிவிட்டு விமானத் தொழிற்சாலை வேலைக்குப் போனார். போர் முடிந்ததும் எல்லாம் தலைகீழ். கையில் காசு, பெரிய கார், விடுமுறை. டிரெய்லர்கள் நீண்டன, கனத்தன.

1954-ல் வந்த 'தி லாங் லாங் டிரெய்லர்' என்ற ஹாலிவுட் நகைச்சுவைப் படம் இந்தக் கனத்தைப் பற்றியதுதான். புதுமணத் தம்பதி 36 அடி டிரெய்லரை இழுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். மனைவி (லூசில் பால்) போகிற ஊரிலெல்லாம் நினைவுக்காக ஒரு கல்லைப் பொறுக்கி உள்ளே வைக்கிறார். மலைப்பாதை வந்ததும் கல்லையெல்லாம் தூக்கி எறி என்கிறார் கணவர். எறியாமல் ஒளித்து வைக்கிறார் மனைவி. மயிலிறகுதானே என்று அளவில்லாமல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னதை நாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். இங்கே மயிலிறகுகூட இல்லை, நிஜக் கல்!

1956-ல் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டம் 41,000 மைல் நீள நெடுஞ்சாலை வலைக்கு வழி செய்தது. இதுதான் பழைய டிரெய்லர்களின் அச்சுக்கு வந்த நிஜமான சோதனை. 45 மைல் வேகத்தை மனதில் வைத்துச் செய்த வண்டி இப்போது 65-ல் ஓடவேண்டும். கூடியது வெறும் 20 மைல்தானே? இல்லை. ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 45-ஐயும் 65-ஐயும் வர்க்கப்படுத்திப் பாருங்கள். 2,025, 4,225. இரண்டு மடங்குக்கு மேல். பிரேக் விழுங்க வேண்டிய சூடும் அதே இரண்டு மடங்கு.

அதுவரை பெரும்பாலான டிரெய்லர்களின் கீழே இருந்தது பட்டை ஸ்பிரிங். நம் லாரிகளில் பார்க்கும் அதே அடுக்கடுக்கான எஃகுப் பட்டைகள். கரடுமுரடானது, சத்தம் போடும், கிரீஸ் கேட்கும். ஆனால் ஒன்று, பழுதானால் கண்ணுக்குத் தெரியும். பயாம் தன் வாடிக்கையாளர்களைக் கூட்டமாக உலகம் சுற்ற அழைத்துப் போவார். 1959-60-ல் 41 டிரெய்லர்கள் கேப்டவுனிலிருந்து கெய்ரோ வரை ஆப்பிரிக்காவை நீளவாக்கில் கடந்தன. சாலை இல்லாத இடங்களில் இப்படி அடிபட்டுத் திரும்பும் வண்டிகள்தான் அவருக்குப் பரிசோதனைக்கூடம். வெறும் மாற்றத்துக்காக எதையும் மாற்றக்கூடாது, மேம்படுத்துவதென்றால் மட்டும் கை வைக்கலாம் என்பது அவர் கொள்கை.

1961 மாடலிலிருந்து ஏர்ஸ்ட்ரீம் பட்டை ஸ்பிரிங்கைக் கைவிட்டது. பதிலாக வந்தது 'டியூரா டார்க்' அச்சு. இதையும் ஏர்ஸ்ட்ரீம் செய்யவில்லை. ஒஹையோவில் அதன் தொழிற்சாலை இருந்த ஜாக்சன் சென்டர் என்ற அதே சிற்றூரின் ஹென்ஷன் கம்பெனி செய்தது. இந்த வகை அச்சில் ஸ்பிரிங்கே கிடையாது. ஒரு கனமான குழாய், அதற்குள் ஒரு தண்டு, இரண்டுக்கும் இடையில் நீள நீளமான ரப்பர் உருளைகள். தண்டின் முனையில் ஒரு கை, கையின் நுனியில் சக்கரம். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது கை மேலும் கீழும் ஆட, தண்டு திரும்பும். திரும்பும் தண்டை ரப்பர் நசுங்கி எதிர்க்கும். அவ்வளவுதான். ரப்பரைக் கடுங்குளிரில் சுருங்க வைத்துக் குழாய்க்குள் செலுத்துவார்கள். சூடேறி விரிந்ததும் இறுகிவிடும். கிரீஸ் வேண்டாம், சத்தம் இல்லை, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஆடும். பயாம் 1962-ல் இறந்துபோனார். கம்பெனி 1967-ல் பால்பொருள் வியாபாரத்தில் வளர்ந்த பீட்ரிஸ் ஃபுட்ஸிடம் போனது, 1980-ல் தார் நிறுவனத்திடம் போனது. முதலாளிகள் மாறினார்கள், ரப்பர் அச்சு மாறவில்லை.

ஆனால் ரப்பருக்கு வயது உண்டு. இருபத்தைந்து, முப்பது வருடத்தில் அது நசுங்கியே பழகி, இறுகிக் கல்லாகிவிடும். குழாய்க்குள் இருப்பதால் யாருக்கும் தெரியாது. உடையாது, முறியாது, சத்தமும் போடாது. வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். ரப்பர் வாங்க வேண்டிய அடியை அதற்கு மேலே இருக்கிற சட்டம் வாங்கும், ரிவெட் வாங்கும், அலமாரி வாங்கும். 1970-களின் நீளமான ஏர்ஸ்ட்ரீம்களில் பின்பக்கம் கூடு வேறு, சட்டம் வேறாகப் பிரிந்துவிடும் ஒரு வியாதி பிரசித்தம். சட்டத்தின் துருவும் அதற்குக் காரணம்தான். செத்துப்போன அச்சு அதை வேகப்படுத்துகிறது. உரிமையாளர் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கழன்ற ரிவெட்டை மாற்றிக்கொண்டிருப்பார். நோய் கீழே இருக்கும்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. விமானத்தை ஒரே சொத்தாகப் பார்க்காதே, உடலுக்கு ஒரு ஆயுள், இன்ஜினுக்கு ஒரு ஆயுள் வைத்துத் தனித்தனியாகத் தேய்மானம் எழுது என்கிறது இன்ட் ஏ.எஸ். 16. விமானம் போலக் கட்டிய இந்த டிரெய்லருக்கும் அதே கணக்குதான். அலுமினியக் கூட்டுக்கு ஆயுள் எழுபது, எண்பது வருடம். ரப்பர் அச்சுக்கு முப்பது. டயருக்கு ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் ஆறேழு வருடம். ஏர்ஸ்ட்ரீம் தான் செய்ததில் பாதிக்கு மேல் இன்றும் சாலையில் ஓடுவதாகப் பெருமையாகச் சொல்லிக்கொள்வது கூட்டின் ஆயுளைத்தான்.

இங்கேதான் பழைய வண்டிப் பிரியர்களிடம் சண்டை. 1950-களின் அடுப்பையும் விளக்கையும் தேடித் தேடிப் பொருத்துபவர்கள், அச்சை மாற்றினால் ஒரிஜினல் தன்மை போய்விடுமே என்று தயங்குகிறார்கள். கண்காட்சியில் யாரும் அச்சைப் பார்த்துக் கைதட்டுவதில்லை, விற்கும்போது பாலிஷுக்குக் கிடைக்கும் விலை அச்சுக்குக் கிடைப்பதுமில்லை. திருவாரூர் ஆழித்தேரை நினைத்துக்கொள்ளுங்கள். திருச்சி பெல் நிறுவனம் அதற்கு இரும்பு அச்சும் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. அதனால் அது ஆழித்தேர் இல்லை என்று தியாகராஜர் கோயிலில் யாராவது சொன்னார்களா? தேர் நின்றால்தான் அடுத்த வருடமும் தேர் ஓடும். பயாமே உயிரோடு இருந்தால் 1961-க்கு முந்தைய வண்டியை வைத்து அடம் பிடிப்பவர்களைப் பார்த்துச் சிரித்திருப்பார்.

மாற்றுவது பெரிய மந்திரம் இல்லை. முதலில் வண்டியை எடை போடவேண்டும், தண்ணீர்த் தொட்டி, கேஸ் சிலிண்டர், சாமான் எல்லாம் ஏற்றி. பழைய தகட்டில் எழுதியிருக்கும் எடையை நம்பக்கூடாது. அறுபது வருடத்தில் எத்தனை பேர் எதையெல்லாம் சேர்த்தார்களோ. அந்த எடைக்கு அச்சு ஆர்டர் கொடுக்கும்போது, ஒரு சக்கர முகத்திலிருந்து மறு சக்கர முகம் வரை அகலம், சட்டத்தில் பொருத்தும் இடங்களுக்கு நடுவே அகலம், கை எவ்வளவு கீழே சாய்ந்திருக்க வேண்டும் என்ற கோணம், மூன்றையும் சொல்லவேண்டும். கோணம் தப்பினால் வண்டியின் உயரம் தப்பும். அதைவிட முக்கியம், அச்சு முன்னே பின்னே நகரக்கூடாது. மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் காரின் கொக்கியில் உட்காரவேண்டும். அதற்குக் குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் நாய் வாலாட்டுவது போல ஆட ஆரம்பிக்கும். ஆட ஆரம்பித்த டிரெய்லர் காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும்.

பழைய பிரேக் டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியை ஊதக்கூடாது. அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத்துணியால் துடைத்து எடுக்கவேண்டும். ஷூவை மட்டும் மாற்றி மல்லுக்கட்டாமல், காந்தம், ஷூ, ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்த முழுத் தட்டாகவே பலர் மாற்றிவிடுகிறார்கள். ஒயரையும் விடக்கூடாது. 1950-களின் நடுவில்தான் அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறின. அதற்கு முந்தைய காந்தத்தை இன்றைய காரில் மாட்டினால் கருகும். மெல்லிய பழைய ஒயரில் கரன்ட் பாதி வழியில் தேய்ந்துபோகும். சில பழைய வண்டிகளில் எர்த் இணைப்பே கார் கொக்கியின் உருண்டை வழியாகத்தான். துரு பிடித்த உருண்டையை நம்பி ஒரு குடும்பத்தின் பிரேக்!

டயரைப் பொறுத்தவரை, பக்கவாட்டில் அச்சடித்த தேதிக் குறியைப் படிக்கத் தெரிந்தால் போதும். 2000-க்குப் பின் வந்த டயர்களில் கடைசி நாலு இலக்கம், வாரமும் வருடமும். 2314 என்றால் 2014-ன் 23-வது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது போன நூற்றாண்டு டயர், பூ அழகாக இருந்தாலும் தூக்கிப் போடவேண்டியதுதான்.

எல்லாம் பூட்டியபின் முதல் ஓட்டம் ஆள் இல்லாத சாலையில், மெதுவாக. கார் பிரேக்கைத் தொடாமல், கன்ட்ரோலரில் இருக்கும் கைப்பிடியை மட்டும் அழுத்தினால், டிரெய்லர் தனியாகக் காரைப் பின்னால் பிடித்து இழுப்பது இடுப்பில் தெரியவேண்டும். புது ஷூ டிரம்மோடு பழகச் சில தடவை அப்படிச் செய்யவேண்டும். பிறகு 10 மைலில் ஒரு முறை, 25-ல் ஒரு முறை, 50-ல் ஒரு முறை நிறுத்தி, சக்கர நட்டுகளைச் சரியான முறுக்கில் மறுபடி முறுக்கிப் பார்க்கவேண்டும். புது ரிம் உட்காரும்போது நட்டு தளர்வது சகஜம். வீட்டிலிருந்து கிளம்பி முதல் பத்து மைலில் வண்டியை ஓரம் கட்டிக் கீழே இறங்கி ஸ்பானர் எடுக்க யாருக்கும் மனசு வராது. ஆனால் சக்கரம் கழன்று வண்டிக்கு முன்னால் ஓடுவது பெரும்பாலும் அந்தச் சோம்பலுக்கு அப்புறம்தான்.